மென்பொருளுக்கான வணிகப் பகுப்பாய்வு: ஒரு மருந்துக் கடையிலிருந்து கற்கத் தொடங்குங்கள்

மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், மென்பொருள் எழுதத் தெரிந்த ஓர் இளைஞரிடம், "சரக்கு இருப்பு பார்க்க ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடு தம்பி" என்று கேட்கிறார். இளைஞர் அன்றிரவே உட்கார்ந்து, மருந்தின் பெயர், விலை, எண்ணிக்கை என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையை அமைத்து, ஒரே வாரத்தில் பில் போடும் திரையையும் முடித்துவிடுகிறார். மென்பொருள் கடைக்கு வந்த அன்று காலை, முதல் வாடிக்கையாளர் பத்து மாத்திரை கொண்ட அட்டையில் நான்கு மட்டும் போதும் என்கிறார். கடைக்காரர் வழக்கம்போலக் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டிக் கொடுக்கிறார். கணினிக்கோ முழு அட்டைதான் தெரியும். நான்கு மாத்திரையை எங்கே பதிவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கும் மேசையில் கிடக்கும் அந்தக் கத்தரிக்கோலுக்கும் நடுவில் இருக்கும் வேலைக்குத்தான் வணிகப் பகுப்பாய்வு என்று பெயர்.

மென்பொருள் நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்பவரைப் பிசினஸ் அனலிஸ்ட் என்றும், சுருக்கமாகப் பி.ஏ. என்றும் அழைக்கிறார்கள். ஓரிடத்தில் வேலை இப்போது எப்படி நடக்கிறது, எங்கே இடர்ப்படுகிறது, எது மாறினால் யாருக்குப் பயன் என்று கண்டறிந்து, அதை மென்பொருள் எழுதுபவரும் சோதிப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும்படி எழுதிவைப்பது அவருடைய பொறுப்பு. இத்துறைக்கென ஐ.ஐ.பி.ஏ. என்னும் சர்வதேச அமைப்பு 2003-இல் கனடாவின் டொராண்டோ நகரில் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் பாபோக் என்னும் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு ஈ.சி.பி.ஏ. என்னும் சான்றிதழ்த் தேர்வையும் அது நடத்துகிறது. இவையெல்லாம் பயனுள்ளவையே. ஆனால் அங்கிருந்து தொடங்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. வேலை நடக்கும் ஓரிடத்தை ஒருமுறையாவது முழுமையாக ஆராய்ந்து எழுதாதவருக்கு, அந்த வழிகாட்டியில் உள்ள சொற்கள் வெறும் மனப்பாடமாகவே நிற்கும். ஆகவே ஒரு சிறிய மருந்துக் கடையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பகுப்பாய்வை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை செய்து பார்க்கும் வழியை இங்கே சொல்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வணிகவியல் படித்தவர்களும் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர்களும் இந்த வேலைக்கு மிக நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள்

உங்களுக்குப் பழக்கமான ஒரு கடையில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, இரண்டு நாள் ஓரமாக உட்காருங்கள். கூட்டம் உள்ள மாலை நேரத்தில் ஒரு நாள், ஓய்வான பிற்பகலில் ஒரு நாள் என்று இருப்பது நல்லது. நோயாளிகளின் பெயரையோ அவர்கள் வாங்கும் மருந்தையோ உங்கள் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். உங்களுக்கு வேண்டியது வேலை நடக்கும் முறை மட்டுமே.

நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்பவரிடம் அதை விவரிக்கச் சொன்னால், அவர் கை தானாகச் செய்யும் பாதி விஷயங்களை அவர் சொல்லமாட்டார். அவை சொல்லத்தக்கவை என்றே அவருக்குத் தோன்றாது. அட்டையை வெட்டும் கையைக் கவனியுங்கள். பேட்ச் எண்ணும் (ஒரே தொகுதியாகத் தயாரான மருந்துகளுக்கு இடும் பொது எண்) காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் அச்சிடப்பட்டிருக்கும். பழகிய கை எப்போதும் மறுமுனையிலிருந்தே வெட்டும். மிச்சமுள்ள துண்டில் தேதி தங்க வேண்டும் என்பதற்காக. வெட்டிய அட்டைகள் தனியாக ஒரு சிறு டப்பாவுக்குப் போகும். அடுத்த முறை அதே மருந்தைக் கேட்டு ஒருவர் வந்தால், கை முதலில் அந்த டப்பாவுக்குத்தான் நீளும். இந்தச் சிறு காட்சிக்குள் மூன்று செய்திகள் உள்ளன: விற்பனை மாத்திரைக் கணக்கிலும் நடக்கிறது, உடைத்த அட்டை முதலில் தீர வேண்டும், இருப்பு என்பது மருந்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஒரே மருந்தின் இரண்டு பேட்ச்சுகளுக்குக் காலாவதி வேறு, சில வேளைகளில் அதிகபட்ச சில்லறை விலையும் வேறு. அந்த இளைஞர் அமைத்த மூன்று கட்ட அட்டவணை ஏன் உதவாது என்பதற்கான விடை இதுதான்.

காலாவதித் தேதியையும் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான மருந்துகளில் மாதமும் ஆண்டும் மட்டுமே இருக்கும், நாள் இருக்காது. இந்திய மருந்து விதிகளின்படி, குறிப்பிட்ட மாதத்தின் கடைசி நாள்வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதற்குப் பொருள். ஆனால் கணினியில் தேதி என்றால் நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். மென்பொருள் எழுதுபவர் வேறு விவரம் தெரியாமல் மாதத்தின் முதல் நாளை இட்டுவிட்டால், விற்கத் தகுந்த மருந்து ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே முடங்கிவிடும். யாருடைய கவனக்குறைவும் இதில் இல்லை. எழுதி வைக்க வேண்டியவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பார்ப்பதோடு, கடையில் புழங்கும் தாள்கள் அனைத்தின் மாதிரியையும் சேகரியுங்கள். கடைக்கு மருந்தை மொத்தமாகத் தரும் ஏஜென்சியிலிருந்து வரும் பில், கடை தரும் பில், தீர்ந்துபோன மருந்துகளைக் குறித்துவைக்கும் நோட்டு, கடன் நோட்டு, சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடு ஆகிய ஒவ்வொன்றிலும் உள்ள ஒவ்வொரு கட்டமும் பிற்காலத்தில் உங்கள் மென்பொருளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கப் போகும் தகவல். கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் கையால் எழுதப்பட்டிருப்பவற்றை இன்னும் கூர்ந்து பாருங்கள். அச்சிட்ட படிவத்தில் இடமில்லாமல் போன தேவைகள் அங்கேதான் இருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதையும் இப்போதே பட்டியலிட்டுவிடலாம். உரிமையாளர், மருந்தாளுநர், கல்லாவில் நிற்கும் பையன், கணக்கு எழுதுபவர், ஏஜென்சிக்காரர், வாடிக்கையாளர் என்று நீளும் அந்தப் பட்டியலில், கடைக்கு அரிதாகச் சோதனைக்கு வந்துபோகும் அரசின் மருந்து ஆய்வாளரும் இருக்க வேண்டும். அவர் உங்கள் மென்பொருளை ஒருபோதும் தொடமாட்டார். ஆனாலும் அவர் கேட்டால் எடுத்துக்காட்ட வேண்டிய பதிவுகளை அந்த மென்பொருள்தான் தர வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்கும் முறை

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், தான் முன்பு எங்கோ பார்த்த ஒரு திரையையோ அறிக்கையையோ மனிதர்கள் விவரிப்பார்கள். அது அவர்களாக யோசித்த தீர்வு. உங்களுக்குத் தேவை அதற்குப் பின்னால் உள்ள பிரச்சினை. ஆகவே நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள்: கடைசியாக இது எப்போது நடந்தது, அன்று என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு பழுதின் மூலத்தைக் காண 'ஏன்' என்ற கேள்வியை ஐந்துமுறை கேட்கும் பழக்கம் உண்டு. அதையே இங்கும் செய்யலாம்; ஆனால் 'ஏன்' என்று முகத்துக்கு நேரே அடுக்கினால் குறுக்கு விசாரணைபோல் ஆகிவிடும். உரையாடல் இப்படிப் போகலாம்:

"மாசக் கடைசியில காலாவதி ஆனதெல்லாம் ஒரு லிஸ்ட்டா வரணும் தம்பி."

"லிஸ்ட் வந்ததும் என்ன செய்வீங்கண்ணே?"

"ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவேன்."

"அனுப்புறதையெல்லாம் எடுத்துக்கிறாங்களா?"

"எங்க எடுக்குறாங்க! தேதி முடிஞ்சு ரொம்ப நாளாயிட்டா வாங்க மாட்டாங்க. வெட்டின அட்டைன்னா தொடவே மாட்டாங்க. போன தடவை பாதி என் தலையிலதான் விழுந்தது."

இரண்டே கேள்வி பதிலில் தேவை முற்றிலும் மாறிவிட்டது. அவர் கேட்டது, காலாவதியான பிறகு வரும் பட்டியல். அவருடைய நட்டத்தைக் குறைப்பதோ, காலாவதிக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, ஏஜென்சி வாரியாகப் பிரித்து, முழு அட்டைகளைத் தனியாகவும் வெட்டியவற்றைத் தனியாகவும் காட்டும் எச்சரிக்கை. எத்தனை மாதம் முன்னதாக என்பது ஒவ்வோர் ஏஜென்சிக்கும் மாறலாம் என்பதால், அதைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். கேட்டதை அப்படியே செய்து கொடுத்திருந்தால், அவர் நட்டத்தை மாதந்தோறும் அச்சிட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகியிருக்கும்.

இப்போதைய நடைமுறையை வரைதல்

கேட்டதையும் பார்த்ததையும் முதலில் ஒரு படமாக வரையுங்கள். இதற்கு பி.பி.எம்.என். என்னும் குறியீட்டு முறை உலக அளவில் பயன்படுகிறது. அதன் இரண்டாம் வடிவத்தை, மென்பொருள் துறைக்குத் தர வரையறைகளை வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பு 2011-இல் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட அந்த விதிகளில் உங்களுக்கு இப்போது தேவையானவை தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் வட்டம், செயலைக் குறிக்கும் செவ்வகம், முடிவெடுக்கும் இடத்தைக் குறிக்கும் சாய்சதுரம், இவற்றை இணைக்கும் அம்புக்குறி ஆகியவை மட்டுமே. ஒவ்வொருவருக்கும் கிடைமட்டமாக ஒரு பட்டை ஒதுக்கி, அவரவர் செய்வதை அவரவர் பட்டையில் வரையுங்கள். ஒரு வேலை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் இடங்கள் அப்போது தெளிவாகத் தெரியும். தாமதமும் தவறும் பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான் நிகழ்கின்றன. வரைந்த படத்தைக் கல்லாவில் நிற்கும் பையனிடம் காட்டிப் படித்துக் காட்டுங்கள். "இல்லண்ணே, இப்படி இல்ல" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு லாபம்.

விதிகளைத் தனியே பிரித்தெழுதுங்கள்

தொடக்க நிலையினர் மிகுதியாகத் தவறவிடுவது வணிக விதிகளைத்தான். ஆகவே இதில் சற்று நின்று சொல்கிறேன். மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடை கடைப்பிடித்தே தீர வேண்டிய விதிகள் உண்டு. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே, கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய, அட்டவணை எச்1 எனப்படும் பட்டியலில் உள்ள மருந்துகளை எடுத்துக்கொள்வோம். 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, அம்மருந்துகளை விற்கும்போது மருந்தை எழுதிக் கொடுத்தவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்து உங்கள் மென்பொருளுக்குப் பல தேவைகள் பிறக்கின்றன: மருந்துப் பட்டியலில் அந்த அடையாளம் இருக்க வேண்டும், அத்தகைய மருந்து பில்லில் ஏறியதும் மருத்துவர் விவரம் கேட்கப்பட வேண்டும், விவரம் இல்லாமல் பில் முடியக் கூடாது, பழைய பதிவுகள் மூன்று ஆண்டுக்குள் அழிக்கப்படக் கூடாது.

வரியும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதிவைத்த மென்பொருளில், அந்த ஒரு நாள் மாற்றத்துக்கு நிரலைத் திறந்து திருத்த வேண்டும். அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு: செப்டம்பர் 20 அன்று வாங்கிய மருந்தை ஒருவர் 25 அன்று திருப்பிக் கொடுத்தால், எந்த விகிதத்தில் கணக்கைத் திருப்புவது? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் கடையின் கணக்காளர். கேள்வியை எழுப்ப வேண்டியவர் நீங்கள். எந்த விடை வந்தாலும், ஒவ்வொரு விகிதமும் எந்தத் தேதி முதல் செல்லும் என்பதும், பில்லில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் எந்த விகிதத்தில் வரி போடப்பட்டது என்பதும் பதிவாகியிருக்க வேண்டும் என்ற தேவை உறுதியாகிவிடுகிறது.

இன்னும் நுணுக்கமான ஓர் எடுத்துக்காட்டு. பதினைந்து மாத்திரை கொண்ட அட்டையின் அதிகபட்ச சில்லறை விலை 100 ரூபாய் என்றால், ஒரு மாத்திரை 6.6666... ரூபாய். அதை 6.67 என்று முழுமையாக்கிவிட்டு 15 மாத்திரையையும் சில்லறையாக விற்றால் 100.05 ரூபாய் வரும். ஐந்து காசுதான் கூடுதல். ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. அப்படியானால் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டுமா, ஒவ்வொரு மாத்திரைக்கும் செய்ய வேண்டுமா, பில்லில் அந்த மருந்துக்கு வரும் மொத்தத்துக்குச் செய்ய வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால், மென்பொருள் எழுதுபவர் தனக்குத் தோன்றிய ஒன்றைச் செய்வார். அது சரியாக அமைவது தற்செயல்.

தேவையை எழுதும் மொழி

"மென்பொருள் வேகமாக இருக்க வேண்டும்" என்பது தேவை அல்ல, விருப்பம். "8,000 மருந்துகள் உள்ள பட்டியலில், பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் மருந்துகள் ஒரு நொடிக்குள் திரையில் வர வேண்டும்" என்பது தேவை. ஏனென்றால் நிறைவேறியதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் சோதித்துச் சொல்ல முடியும். 'எளிதாக', 'தேவைப்பட்டால்', 'முதலியன', 'பொதுவாக' ஆகிய சொற்கள் உங்கள் ஆவணத்தில் எங்கே தென்பட்டாலும், அங்கே இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு தேவை மட்டும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். பிற்பாடு யார் கேட்டது, எந்தச் சோதனை அதைச் சரிபார்க்கிறது என்று தொடர்ந்து செல்ல அந்த எண்தான் பயன்படும்.

மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில் இயங்கும் குழுக்களில் தேவைகள் யூசர் ஸ்டோரி என்னும் வடிவில் எழுதப்படுகின்றன. யார், என்ன, எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கும்: "கல்லாவில் இருப்பவராகிய நான், அட்டையின் ஒரு பகுதியை மட்டும் விற்க விரும்புகிறேன், அப்போதுதான் வாடிக்கையாளர் தேவையான அளவு மட்டும் வாங்கிக்கொள்ள முடியும், இருப்பும் சரியாக இருக்கும்." இந்த வாக்கியம் உரையாடலைத் தொடங்கிவைப்பதற்கு மட்டுமே. உண்மையான உழைப்பு, அதன் கீழே எழுதும் ஏற்பு நிபந்தனைகளில் இருக்கிறது. நிலைமை, செயல், விளைவு என்ற வரிசையில் எண்களோடு எழுதுங்கள்:

நிலைமை: 'அ' பேட்ச்சில் வெட்டிய அட்டையில் 6 மாத்திரையும், 'ஆ' பேட்ச்சில் முழு அட்டை ஒன்றும் உள்ளன, ஓர் அட்டைக்கு 10 மாத்திரை.
செயல்: வாடிக்கையாளர் 8 மாத்திரை கேட்கிறார்.
விளைவு: பில்லில் 'அ' பேட்ச்சிலிருந்து 6, 'ஆ' பேட்ச்சிலிருந்து 2 என இரண்டு வரிகள், அந்தந்த பேட்ச்சின் விலையோடு வர வேண்டும், 'ஆ' பேட்ச்சில் 8 மாத்திரை மீதம் இருக்க வேண்டும்.

இப்படி எண்களை இட்டு எழுதும்போதுதான், "இரண்டு பேட்ச்சைக் கலந்து வாங்க வாடிக்கையாளர் ஒப்புவாரா?" என்ற கேள்வி உங்களுக்கே தோன்றும். அதுவரை தோன்றாது.

இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னால்

கடையில் ஏற்கெனவே ஒரு பழைய மென்பொருள் இருந்தால், "அதில் உள்ளதெல்லாம் இதிலும் வேண்டும்" என்ற ஒரே வரியில் தேவை முடிந்துவிடும் அபாயம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்டு நாற்பது நொடிக்குள் சிதறிப்போனது. ஏரியான் 4-இல் நன்றாக இயங்கிய திசையறியும் மென்பொருளை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஒரு பகுதி, தரையில் இருக்கும்போது மட்டுமே பயன்படுவது. பழைய ராக்கெட்டின் ஒரு தேவைக்காகப் புறப்பட்ட பின்னும் ஏறத்தாழ நாற்பது நொடிகள் ஓடும்படி விடப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டுக்கு அந்தத் தேவையே இல்லை. ஆனால் அதன் கிடைமட்ட வேகம் அதிகமாக இருந்ததால், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் கணினி நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது. ராக்கெட்டில் ஏற்றியிருந்த கிளஸ்டர் என்னும் நான்கு செயற்கைக்கோள்களும் அதோடு அழிந்தன. பழைய மென்பொருளின் ஒவ்வொரு வசதிக்கும் எதிரில், "இது யாருக்காக வந்தது, அந்தக் காரணம் இன்றும் உள்ளதா?" என்று ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள்.

எதை முதலில் செய்வது என்பதற்கு, மென்பொருள் வல்லுநர் டாய் கிளெக் 1994-இல் வகுத்த மாஸ்கோ (MoSCoW: Must, Should, Could, Won't என்ற ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்) முறை போதுமானது: இருந்தே ஆக வேண்டியவை, இருக்க வேண்டியவை, இருந்தால் நல்லவை, இம்முறை செய்யப்போவதில்லை என்பவை. கடைசி வகையை எழுதுவதற்குத் தயங்காதீர்கள். வீட்டுக்கு மருந்து அனுப்பும் வசதி இம்முறை இல்லை என்று எழுத்தில் இருந்தால், பிற்பாடு மனக்கசப்பு வராது.

உங்கள் ஆவணத்தைச் சோதிக்கும் வழி

இத்தனையும் பதினைந்து, இருபது பக்கத்துக்குள் அடங்கும். எழுதி முடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தாள், பென்சில், ஒரு விரிதாள் தவிர வேறு கருவி வேண்டாம். இந்த நாள்களிலேயே தரவுத்தள அட்டவணைகள் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதையும், தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெற உதவும் எஸ்.க்யூ.எல். மொழியில் எளிய கேள்விகள் எழுதுவதையும் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். மருந்து, பேட்ச், கொள்முதல், பில், பில்லில் உள்ள ஒவ்வொரு மருந்தின் பதிவு ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் சிந்தனையில் உள்ள குழப்பம் உடனே வெளிப்பட்டுவிடும்.

முடித்ததும், நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து, இதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மென்பொருளை எழுத முடியுமா என்று கேளுங்கள். அவர் படிக்கும்போது அருகில் இருங்கள், ஆனால் வாயைத் திறந்து விளக்கம் சொல்லாதீர்கள். அவர் கேட்கும் கேள்விகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை முப்பது, நாற்பது கேள்வி வந்தாலும் மனம் தளர வேண்டாம். தேதி உள்ள முனையைத் தவறுதலாக வெட்டிவிட்டால் மீதமுள்ள துண்டை என்ன செய்வது, விற்கலாமா, ஒதுக்கி வைப்பதா, ஒதுக்கினால் இருப்பிலிருந்து கழிப்பது யார் என்று அவர் கேட்கக்கூடும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, மறுநாள் பிற்பகல் கூட்டம் குறைந்த நேரத்தில் மீண்டும் கடைக்குப் போங்கள்.